மண் இறங்காத நாள்

செமினி ஊருக்குப் பக்கத்து மலையிலிருந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். வார இறுதிகளில் ஆட்களை மலையேற்றிக் கூட்டிப்போவது என் வேலை. அன்று ஏறும்போது, வந்தவர்களைப் பாதி வழியிலேயே நிறுத்தினேன். விடாத மழைக்குப் பிறகு பாதைக்கு மேலே சரிவில் புதிதாக ஒரு வெடிப்பு. என் கையே உள்ளே போனது. போன வாரம் நேராக நின்ற மரங்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

“மண்ணு இறங்கப் போவுது. திரும்பிரலாம்,” என்றேன்.

“கீழ முனியாண்டி கோயில்ல நீங்கதானே அண்ணே தேங்கா உடைச்சீங்க? சுத்தமா ரெண்டா உடைஞ்சுச்சே, அப்புறம் என்ன பயம்?” என்றாள் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

கூட வந்த முதலாளி சிரிக்கவில்லை. “பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போ லா. இனிமே வராத,” என்று சொல்லிவிட்டு, அவரே அவர்களை மேலே அழைத்துப்போனார்.

அடிவாரத்தில் உட்கார்ந்து மலையையே பார்த்தேன். சொல்லக் கூசுகிறது. அவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மண் இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மதியம் எல்லாரும் முழுசாக வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் கோயில் தேங்காயில் ஒரு சில்லை என் கையில் வைத்தாள். “சாப்பிடுங்கண்ணே, களைச்சிட்டீங்க.” தின்றேன்.

நான் பயந்தது வீண் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். இடியாத மலையை வைத்து அதை யாரிடம் நிரூபிப்பது?

மறுநாள் காலை கிள்ளானில் ஒரு காய்கறிக் கடையில் வேலை கேட்டேன்.

“முன்ன என்ன செஞ்ச?” என்றார் கடைக்காரர்.

“மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போவேன், பாஸ்.”

“ஏன் விட்ட?”

“மழை,” என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற லோரியிலிருந்து முதல் வெங்காய மூட்டையை இறக்கினேன்.