கம்பியை வெட்டாத வீடு

கோவில்பட்டியில் சோலார் விற்கும் ஒரு கடையில் அவரைச் சந்தித்தேன். என் வீட்டுக்குப் போடலாமா வேண்டாமா என்று விசாரிக்க நான் போயிருந்தேன். அவரும் அதற்காகவே எட்டயபுரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியால் துடைத்துக்கொண்டார்.

அவர் வீட்டு மொட்டைமாடியைச் செல்போன் படத்தில் பார்த்த கடைக்காரர், “தூண்ல நீட்டிக்கிட்டு இருக்க கம்பியெல்லாம் வெட்டிரணும் அண்ணாச்சி. பேனல் மேல நிழல் விழும்லா,” என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகனுக்காக மேலே ஒரு மாடி எடுக்க, வீடு கட்டும்போதே விட்டுவைத்த கம்பிகள் அவை.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “வெட்டாம, உசரமாச் சட்டம் அடிச்சு மாட்ட முடியுமா? அடியில ரூம்பு கட்ட எடம் வேணும்.”

“மாட்டலாம். செலவு கூடும். மகன் எப்ப வாராரு?”

“அவன் வரமாட்டான். அங்கனயே வீடு வாங்கிட்டான்.”

“பெறகு எதுக்கு அண்ணாச்சி?” என்று நான் குறுக்கே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “போன் போடும்போதெல்லாம் ‘மாடி எப்பப்பா எடுக்கப்போறிய’ன்னு அவன்தான் கேக்கான். கம்பிய வெட்டிட்டேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

உயரமாகவே மாட்டச் சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நானும் என் வீட்டுக்கு மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பா, மகன் இருவரில் யாருக்காக யார் அந்த மாடியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.