பாட்டரி முனையில் ஒரு பொட்டு

விடிந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, பாபநாசம் அண்ணாச்சி டெஸ்ட் லேம்பைக் கையில் எடுத்துவிடுவார். வாசலில் தகர ஷெட்டுக்குள் நிற்கிற ட்ரெய்லரில் ஏறி, பல்பு, விசிறி, சின்ன ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்ப்பார். பல்பு மினுக்கென்று கண்சிமிட்டிவிட்டு அணையும். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். "பாட்டரியில பன்னெண்டு வோல்ட்டு நிக்கி. இங்கன வந்து சேரலியே, வே! எங்கனயோ களவு போகுது" என்பார், எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கும். பந்திக்குப் போகாமல் பந்தலில் சீரியல் செட்டைக் குடைந்துகொண்டிருக்கிற மனுஷனை வண்ணார்பேட்டையில்தான் காணலாம். சுவிட்சை மட்டும் எப்போதும் வலது கையால்தான் போடுவார். "வெளக்க எடக்கையால போட்டா வீடு வெளங்குமா?" என்று மனைவி அன்னத்தாய் அதட்டி அதட்டி உண்டாக்கிய பழக்கம்.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற அந்தக் குட்டி வீடே அன்னத்தாய்க்காகக் கட்டியதுதான். முட்டுவலிக்காரி, லாட்ஜ் மாடிப்படி ஏற முடியாது. திருச்செந்தூர்க் கடற்கரையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து, தன் அடுப்பிலேயே காப்பி போட்டுக் குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். என்ன பெரிய ஆசை! காலையில் கிளம்பினால் பதநீர் குடிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அண்ணாச்சிக்கு எதிலும் ஒரு குறை இருக்கக் கூடாது. முதலில் கூரை ஒழுகுகிறது என்றார், அப்புறம் ஒயரிங் சரியில்லை என்றார். "எல்லாம் சரியாவட்டும்ட்டி, ராசாத்தி கணக்கா கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க சரிபண்ணி முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்று அவள் சிரிப்பாள். சொன்னபடியே செய்துவிட்டாள், பாவி மகள். போன ஐப்பசியில் மாரடைப்பு. வண்டி அதுவரை தெருவைக்கூடத் தாண்டியதில்லை.

இப்போது வருஷம் திரும்பப் போகிறது. திவசத்தைத் திருச்செந்தூரிலேயே கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி அவள் படத்தோடு வண்டியிலேயே தங்குவது என்று அண்ணாச்சி முடிவு செய்திருக்கிறார். விளக்கு எரியாத வண்டியில் அவளை எப்படிக் கூட்டிப் போவது?

அப்பா தேடிக்கொண்டே இருப்பதைப் பொறுக்காமல், மகள் அனுராதா மேலப்பாளையத்து வண்டி எலெக்ட்ரீஷியன் மதாருக்குப் போன் செய்தாள். அண்ணாச்சிக்குப் பழைய சிநேகிதர். வந்தவர் நேராகப் பாட்டரிப் பெட்டியில் கை வைத்தார்.

"அத ஏன் தொறக்கீரு? அங்கன ஒண்ணுமில்ல வே" என்றார் அண்ணாச்சி அவசரமாக.

மதார் திறந்துவிட்டார். பிளஸ் முனையில் பச்சை பூத்திருந்தது. ஒயரைப் பிடித்திருக்கிற கவ்வியைக் கழற்றினால், உள்ளே காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். போன வருஷம் ஆயுத பூஜை அன்று, கவ்வியைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணாச்சி காப்பி குடிக்கப் போன நேரத்தில், அன்னத்தாய் வெறும் முனையைச் சுற்றிச் சந்தனம் அப்பி, உச்சியில் பொட்டும் வைத்துவிட்டாள். துடைத்தால் கோபித்துக்கொள்வாளே என்று அதன் மேலேயே கவ்வியை மாட்டினார். சந்தனத்தைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் போகும்? போர்மேனுக்கா இது தெரியாது? தெரிந்துதான், இந்த ஒரு வருஷமாக மற்ற ஒயரையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தார். பொட்டில் அவள் விரல் ரேகை அப்படியே இருந்தது. துக்க வீட்டில் இந்த வருஷம் பூஜையும் கிடையாது, புதுப் பொட்டும் கிடையாது.

மதார் உப்புத்தாளை எடுத்ததும் அண்ணாச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் வே. அவ வச்சது."

மதார் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "பொழுதடஞ்சா மதினி மொத வேலையா லைட்டத்தான் போடுவாக. அவுகளுக்குக் கட்டுன வீடு ஒரு வருஷமா இருட்டாக் கெடக்கே, அண்ணாச்சி."

அண்ணாச்சி விம்மி விம்மி அழுதார். பிறகு அடுப்படிக்குப் போய், தானே வெந்நீர் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "பைய ஊத்தும்."

மதார் ஊற்றினார். சிவப்பாக வழிந்த தண்ணீருக்குக் கீழே அண்ணாச்சி வலது உள்ளங்கையை நீட்டினார்.

"யா அல்லா! கை வெந்துரும், எடுங்க!"

கையை எடுக்கவில்லை.

மதார் முனையைத் தேய்த்துக் கவ்வியை இறுக்கும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. "போடுங்க அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி ட்ரெய்லருக்குள் ஏறினார். வலது கை மூடியபடியே இருந்தது. இடது கையால் சுவிட்சைப் போட்டார்.