நகம் பதியாத டயர்

இந்த நாட்டில் வாகனங்களும் வருடத்துக்கு இரண்டு முறை செருப்பு மாற்றுகின்றன. குளிருக்கு நாலு டயர், கோடைக்கு வேறு நாலு. ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் அது சுத்தப் பம்மாத்தாகத்தான் பட்டது. மொன்றியல் துறைமுகத்திலிருந்து புவாண்ட்-கிளேர் களஞ்சியங்களுக்குச் சாமான் ஏற்றும் என் பிக்-அப்புக்கு, எந்தத் தரையிலும் ஓடும் என்று விற்கிற முரட்டு டயரை வருடம் முழுவதற்கும் போட்டுவிடுவோம் என்று, மனைவி ஜெசிந்தாவோடு கடைக்குப் போனேன்.

மன்னாரில் பதினைந்து வருடம் லொறி ஓட்டியவன் நான். அங்கே டயரைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவோம். நகம் பதிந்தால் அது கிரவல் ரோட்டில் ஒரு மாரியைத் தாண்டாது. கடைக்காரர் காட்டிய குளிர்கால டயரில் என் நகம் நன்றாகவே இறங்கியது. முரட்டு டயரில் கீறல்கூட விழவில்லை.

"ஹார்ட், குட்" என்றேன்.

"நோ, மெஸ்யூ. கோல்ட், ஹார்ட், நோ குட்" என்றார் அவர்.

விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் லொறி ஓட்டிய காலத்தில் இவன் பால் குடித்திருப்பான். வாதாடப் பிரெஞ்சு இல்லை, மேசையில் தட்டினேன்.

"அவர் சொல்லுறதையும் ஒருக்காக் கேளுங்கோவன்" என்றாள் ஜெசிந்தா.

"உனக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?"

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு நான் கேட்டதையே பூட்டினார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கர்க்லாண்ட் வழியாக வந்துகொண்டிருந்தோம். முதல்நாள் மழை ரோட்டில் உறைந்து கிடந்தது. சிவப்பு விளக்குக்குப் பிரேக்கை அழுத்தினேன், வண்டி நிற்கவில்லை. ரோட்டைக் கவ்வவென்று அவ்வளவு ஆழமாக வெட்டிய டயர்ப் பூ, குளிரில் மரக்கட்டையாக இறுகி வழுக்கிக்கொண்டே போனது. குறுக்கே வந்த பஸ் ஜெசிந்தாவின் கதவுக்கு ஒரு சாண் தள்ளி விலகிப் போனது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் தன் பக்கத்துக் கதவைத் தொட்டாள். "எனக்கு டயரைப் பற்றித் தெரியாதுதான். ஆனா இந்தப் பக்கம் இருந்தது நான்."

பதினைந்து வருட அனுபவத்தை ஒரே சந்தியில் குப்பையாக்கிய இந்தக் குளிர்மீது இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நாலு சொல்லோடு நிறுத்திக்கொண்ட கடைக்காரர்மீதும் கோபம்தான். அந்த நாலு சொல்லையும் கேட்காத என்மீது எல்லாவற்றையும்விடக் கோபம்.

மறுநாளே மெத்தென்ற டயர்களைப் பூட்டினேன். முரட்டு டயர்கள் கோடைக்காகக் கராஜில் கிடக்கின்றன. ஆனாலும் வண்டியில் ஏறுமுன் என் பெருவிரல் தானாகப் போய் டயரை அழுத்துகிறது. நகம் பதிகிறது. இதுதான் நல்ல டயர் என்று எனக்குத் தெரியும். விரலுக்கு இன்னும் தெரியவில்லை. அந்த விரல் பழுது என்று சொல்கிற டயரில்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஜெசிந்தாவைப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன்.