பல் கட்டுபவர் செய்த கத்தி

மாமாவோடு கடைத்தெருவுக்குப் போவது சங்கடமான விஷயம். எதிரே யாராவது வாய்விட்டுச் சிரித்தால் போதும், நின்று அவர்கள் வாயைப் பார்ப்பார். "கீழ்வரிசை தூக்கி நிக்குது. எவனோ அவசரத்துல கட்டியிருக்கான்" என்பார் என் காதோடு. ஆனால் தான் கட்டிய பல்லாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இன்னாருக்குப் பொய்ப்பல் என்பது தன் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மாமா தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பல்செட்டு கட்டுவார். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, சுவர் முழுக்க வரிசையாகச் சாந்தில் வார்த்த தாடை அச்சுகள். மூலையில் ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு மின் உலை. மேசைக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய மான் கொம்புகள். மான் பண்ணைக் காவலாளியின் உடைந்த பல்செட்டை மாமா ஒட்டிக் கொடுத்ததிலிருந்து, வருடா வருடம் மான்கள் தானாக உதிர்க்கும் கொம்புகளை அவர் கொண்டுவந்து தருகிறார்.

கொம்புகள் கத்திப் பிடிக்கு. ஓய்வு நேரத்தில் மாமா கத்தி செய்வார். ஏன் என்று கேட்டால், "பல்லும் கத்தியும் ஒரே ஜாதி. ரெண்டும் வெட்டணும், ரெண்டும் வச்சிருக்கிறவங்களை உறுத்தக் கூடாது" என்பார்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சமையற்கூடத்தில் காய்கறி நறுக்குபவள். பத்தொன்பது வருடம். சென்ற வருடக் கடைசியில் ஒரு கண்ணாடி ஜாடி கையிலேயே உடைந்து, வலது கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகும் நரம்பு அறுந்துவிட்டது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது. அந்த இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. பழைய கத்தியைப் பிடித்தால் அது உள்ளங்கைக்குள் புரண்டது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சில் கறார். "திங்கட்கிழமை வாங்கம்மா. ஒரு கூடை வெங்காயம் என் முன்னாடி நறுக்கிக் காட்டுங்க. முடியலைன்னா பாத்திரம் கழுவுற பக்கம் மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா அதை வீட்டில் சொன்னபோது யாரையும் பார்க்கவில்லை. "பாத்திரம் கழுவுறது ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா நான் நறுக்குறவ" என்றாள்.

மறுநாள் மாமா இளஞ்சூடாக ஒரு ரோஜா நிற மெழுகுக் கட்டியோடு வந்தார்.

"இந்தா அக்கா, இறுக்கிப் பிடி."

"என்னடா, எனக்கும் பல்லு கட்டப் போறியா?"

"உன் பல்லுக்கு என்ன குறை? சின்ன வயசுலேர்ந்து என்னைக் கடிச்சுக் கடிச்சு நல்லா உரமேறியிருக்கு. கையைக் கொடு."

மெழுகில் மூன்று விரல்கள் ஆழமாகப் பதிந்தன. மற்ற இரண்டும் சும்மா தொட்டிருந்தன. தையல் தழும்புகூட ஒரு மெல்லிய கோடாக விழுந்திருந்தது. மாமா அதைக் குளிர்ந்த நீரில் போட்டு இறுகவைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துப் போனார். சாக்கிலிருந்த ஒவ்வொரு கொம்பின் பக்கத்திலும் அந்த மெழுகை வைத்துப் பார்த்தார். கடைசியில் லேசாக வளைந்து, அடியில் பூப்போல விரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மடங்காத விரல்கள் அந்த விரிப்பில் சாய்ந்துகொள்ளும் என்றார்.

மர அறுவை ஆலையில் கழித்துப்போட்ட ரம்பத்திலிருந்து அலகை வெட்டினார். உலைக்குள் எவ்வளவு நுழையுமோ அவ்வளவுதான் அலகின் நீளம். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவந்ததும் எண்ணெயில் முக்கினார். பிறகு அத்தை கேக் சுடும் அடுப்பில், அலகு வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை வைத்தார். "எல்லா வீட்டு அடுப்புலயும் கேக்கு வேகும், என் அடுப்புல கத்தி வேகுது" என்று அத்தை என்னிடம் முறையிட்டாள்.

கொம்பின் நடுப்பகுதி கடற்பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பல் மருத்துவர்கள் வேருக்குச் செய்வதுபோலவே அதைக் குடைந்து, பசை ஊற்றி இறுகவைத்து, அலகின் வாலை உள்ளே இறக்கி, குறுக்கே ஒரு பித்தளை ஆணி அடித்தார். அதன் பிறகு மூன்று நாள் மெருகு. கொம்பின் மேலிருந்த வரிகள் எல்லாம் மறைந்து, அது பாலேடு நிறத்தில் பளபளத்தது. சனிக்கிழமை மாலை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"டேய், இதை வச்சு நறுக்கறதா, கண்ணாடி அலமாரியில வச்சு அழகு பாக்கறதா?" என்றாள் அம்மா. மாமாவின் காதுமடல் சிவந்துவிட்டது.

ஞாயிறு காலை நான் வெங்காயம் உரிக்க, அம்மா நறுக்கினாள். முதல் பத்து அருமையாகப் போயிற்று. வெங்காயச் சாறும் தண்ணீரும் கையில் ஏறியதும் கத்தி திரும்பியது. துடைத்துவிட்டுப் பிடித்தாள். மறுபடி திரும்பியது. அம்மா ஒரு பழைய துணியைக் கிழித்துப் பிடியைச் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கினாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றாள்.

சொல்ல வேண்டியே இருக்கவில்லை. பதினொரு மணிக்கு மாமா வந்தார், துணியைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார். தன் கையை வெங்காயத் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு ஒரு வெங்காயத்தை வெட்டினார். கத்தி வழுக்கி, வெங்காயம் கோணலாகப் பிளந்தது.

"பல்லுல முடியளவு சொரசொரப்பு இருந்தாலும் நாக்கு அங்கேயே போய் நிக்கும். அந்தப் பழக்கத்துல இழைச்சுத் தள்ளிட்டேன். கைக்கு அந்தச் சொரசொரப்புதானே வேணும்" என்றார்.

"நல்லாத்தான்டா இருக்கு. துணி சுத்திக்கிட்டா ஆச்சு."

"ஆஸ்பத்திரி சமையக்கட்டுல துணி சுத்தின கத்தியை உள்ள விடுவாங்களா?"

அம்மா துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். விடமாட்டார்கள். மாமா கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீயும் கூடப் போ, சாப்பிடாமலே உக்காந்துடுவான்" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, மூன்று நாள் மெருகிட்ட பிடியை மாமா கொதிக்கும் நீரில் போட்டார். பசை இளகினால்தான் அலகு கழலும். வீடெங்கும் எலும்பு வேகும் நாற்றம். "பக்கத்து வீட்டுல கேட்டா என்ன சொல்ல? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பல்லு வேகுதுன்னா?" என்று அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். அந்த அழகான பிடி நிறம் மங்கி வெளியே வந்தது. மாமா அதை ஓரமாக வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதே வளைவில் இன்னொரு கொம்புதான் மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் கறுத்து, மேலெல்லாம் பள்ளமும் வரியுமாக இருந்தது. மாமா அதைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, குடைந்து, அதே அலகைப் பொருத்தினார். அழுக்குத் தங்காமலிருக்க நுண்துளைகளில் மட்டும் நீர்த்த பசையைத் தடவித் துடைத்தார். பிறகு மெழுகு அச்சை எடுத்து, தழும்பின் கோடு எங்கே படுகிறது என்று குறித்து, கட்டைவிரல் நகமளவு இடத்தை மட்டும் இழைத்தார். அவர் கை மெருகுச் சக்கரத்தின் பக்கம் மூன்று முறை போனது. ஒரு தடவை சக்கரம் சுழலவே தொடங்கிவிட்டது. சட்டென்று நிறுத்தினார்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தன் சிறந்த வேலையைக் கலைத்துவிட்டு, பார்க்கச் சுமாரான ஒன்றை அவ்வளவு கவனமாகச் செய்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாலையில் அவரே அம்மாவின் கையில் சோப்பு நுரையைக் கொட்டிப் பிடிக்கச் சொன்னார். கத்தி அசையவில்லை.

திங்கட்கிழமை அம்மாவோடு நானும் போனேன். மருத்துவமனையில் பல் அளவு வாங்க வேண்டும் என்று ஒரு காரணத்தோடு மாமாவும் வந்து, சமையற்கூடத்து வாசலில் எங்களோடு நின்றார்.

மேற்பார்வையாளர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, மரக்கிளையைப் பிடுங்கிட்டு வந்த மாதிரி?"

"என் தம்பி செஞ்சது. நீங்க கூடையைக் கொண்டாரச் சொல்லுங்க."

முதலில் மெதுவாக வெட்டினாள். கால் கூடை ஆனதும் பலகையில் விழும் சத்தம் சீரானது. நான் சிறுவயதிலிருந்து கேட்ட அதே வேகம். பாதிக் கூடையில் மேற்பார்வையாளர் கையை உயர்த்தினார்.

"போதும்மா, பாத்துட்டேன். நாளையிலேர்ந்து உங்க இடத்துக்கே வந்துடுங்க."

"இருங்க, கூடை முடியட்டும்" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

மாமா என் தோளைத் தட்டினார். "வா, போலாம்."

"அம்மா இன்னும் முடிக்கலையே மாமா."

"அவ முடிச்சுடுவா" என்று சொல்லிவிட்டு, பல் அளவு வாங்க மாடிப்படி ஏறினார்.