இளம்பச்சைச் சுவர்

பழங்காநத்தம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தக் கலர் லேபில் ஹம்சவேணி உட்காரும் நாற்காலிக்குக் ‘கலர் சீட்’ என்று பெயர். கழுவி வரும் நெகட்டிவில் மனித முகம் நீலம் பாய்ந்து கிடக்கும், தலைமுடி வெளுத்திருக்கும். அதைப் பார்த்தே அசல் முகத்தின் நிறத்தை மனத்தில் பிடித்து, மஞ்சள், மெஜந்தா, சயான் விசைகளைக் கூட்டியும் குறைத்தும் தட்டுவாள். எந்திரம் அதன்படி படத்தை அச்சிட்டுத் தள்ளும். அச்சான படத்தைப் பார்த்து விசைகளை இன்னும் கொஞ்சம் திருத்துவாள்.

மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் அவள். படங்களைக் கவரில் போடும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். வந்த புதிதில் ஒரு படத்தைப் பார்த்து, “பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி செவப்பா இருக்கே” என்று அவள் சொன்னது முதலாளி கிரிதரன் காதில் விழுந்தது. அவள் சொன்னபடி சிவப்பைக் குறைத்து அந்தக் குழந்தைக்கு மறுபடி அச்சிட்ட படத்தைப் பார்த்த பிறகு, அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். அதன்பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. நிறத்தில் தகராறு என்று யார் வந்தாலும் வாசலில் நின்று பேசக் கூடாது. கலர் சீட்டில் உட்கார்ந்து, மேஜை விளக்கின் அடியில் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் ஒரு மாதிரியும் டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் தெரிவதால் கிரிதரன் வைத்த விதி அது.

1997 ஆயுத பூஜைக்கு லேப் முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். எந்திரத்தை நகர்த்த முடியாததால் கலர் சீட் இருந்த அறை மட்டும் பல வருடங்களாக விடுபட்டு அழுக்கேறிக் கிடந்தது. அந்த வருடம் சர்வீஸுக்காக எந்திரத்தை இழுத்திருந்தார்கள். அதே சாக்கில் அந்த அறைக்கும் கண்ணுக்குக் குளுமையாக இளம்பச்சை பூசிவிட்டார் கிரிதரன்.

பூஜை முடிந்த கொஞ்ச நாளில் முத்திருளன் வந்தான். கீழக்குயில்குடிக்காரன், திருப்பரங்குன்றத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தான்.

“யக்கா, கல்யாணப் பொண்ணு கம்மாயில கெடந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு. மொகமெல்லாம் பாசி. பொண்ணோட அப்பா என்னைய அடிக்க வாராரு.”

“உள்ள வா. உக்காந்து பாரு.”

அவன் கலர் சீட்டில் உட்கார்ந்தான். டீ வந்தது, குடித்தான். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். “இப்ப நல்லாத்தான் இருக்கு” என்று முனகிக்கொண்டே போனான். மறுநாள் அதே படத்தோடு மறுபடி வந்தான். மற்ற ஸ்டூடியோக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் அதே கதைதான்.

விஷயம் ஒளிப்படக்காரர்களின் வண்ணப்படத் தொழில்நுட்பச் சங்கத்துக்குப் போனது. ஹம்சவேணிக்குக் கண் பழுது, கலர் சீட்டில் வேறு ஆளை வைக்காவிட்டால் யாரும் அங்கே பிலிம் ரோல் கொடுப்பதில்லை என்று தீர்மானம் வரப்போகிறது என்றார்கள். “சங்கமே சொன்னா நான் என்னம்மா செய்ய?” என்றார் கிரிதரன். அன்று பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளின் நிறங்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள் ஹம்சவேணி.

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் சங்கம் கூடியது. நிறத்தின் அடர்த்தியை அளக்கும் மீட்டர் ஒன்றைச் சங்கம் புதிதாக வாங்கியிருந்தது. கொடைக்கானல் சுற்றுலாவுக்கு வைத்திருந்த காசில் வாங்கியதால் முதலில் அந்தச் சண்டையே ஓடியது. அது அடங்கியதும் செயலாளர் ரவிசங்கர், நிறம் சரிபார்ப்பதற்காக வெறும் சாம்பல் அட்டையை எடுத்து அவள் அச்சிட்டிருந்த படத்தை மீட்டரில் வைத்தார். பச்சை தூக்கலாக இருந்தது.

அடுத்து கண் சோதனை. புள்ளிக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். ஒவ்வொரு பக்கமாக எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். புத்தகத்தைத் தலைவர் நல்லகாமன் வாங்கிப் பார்த்தார். கலர் பிலிம் ஊருக்கு வந்த காலத்திலிருந்தே படம் எடுப்பவர்.

“இதுல எங்கய்யா நம்பர் இருக்கு?”

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று புரட்டினார்.

“அப்ப இம்புட்டு நாளா நான் பாத்ததெல்லாம் எதுய்யா?” என்றார் மெதுவாக.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஹம்சவேணி அந்தச் சாம்பல் படத்தோடு பழங்காநத்தத்தில் இறங்கினாள். விதியை மீறி, நிறுத்தத்திலேயே நல்ல வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பாசிப் பச்சை. கண்ணை எடுக்காமல் படியேறி, கலர் சீட்டில் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். அப்போதும் பச்சையாகவே இருந்தது. எதிர்ச் சுவரோ நாற்று வயலைப் போலப் பளிச்சென்று முகத்தில் அடித்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் மெல்ல வெளுத்தது. படத்திலிருந்த பச்சையும், ஈரத்துணி காய்வதுபோல ஓரம் தெரியாமல் வற்றி, சாம்பல் மட்டும் மிஞ்சியது. கையில் இருந்த படத்தை யாரும் தொடவில்லை. அவளுடைய கண்தான், அவளைக் கேட்காமலே, சுவருக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. எந்திரத்தில் அவள் விசையைத் தட்டுவதுபோல உள்ளே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் வெயிலுக்கு ஓடினாள், திரும்பவும் வந்து உட்கார்ந்தாள். திரும்பவும் அதுவே நடந்தது. இங்கே சரியாகத் தெரியும்வரை அவளேதான் படங்களில் பச்சையைக் கூட்டியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு சங்கத்தாரை லேபுக்கே வரச்சொன்னாள். எதையும் விளக்கவில்லை. வெயிலில் படத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்து உட்காரச் சொன்னாள். முத்திருளன்தான் முதலில் உட்கார்ந்தான்.

“பச்சையாத்தான் இருக்கு யக்கா. அன்னைக்கே சொன்னேன்ல.”

“கொஞ்சம் பொறு.”

பொறுத்தான். அவன் குரல் தானாகவே தாழ்ந்தது. “யக்கா, போகுது. போகுது யக்கா.”

வரிசையில் நின்றவர்கள் கோயில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றார்கள். உட்கார்ந்து எழுந்தவர்கள் மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். தீர்மானத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்றாள் ஹம்சவேணி.

“சாம்பலா? வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுற எடம்மா. எழவு வீடு மாதிரி ஆயிரும்” என்றார் கிரிதரன்.

“பழைய அழுக்கு மட்டும் என்ன கலராம்ணே? அதுதான் இம்புட்டு வருசமா உங்க லேபக் காப்பாத்துச்சு” என்றார் ரவிசங்கர்.

கிரிதரன் தலையைச் சொறிந்தார். சாம்பல் பூசப்பட்டது.

அந்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்த நல்லகாமன், பெயிண்ட் காய்ந்த பிறகு ஒருநாள் வந்தார். கலர் சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

“மாத்தப்போறேன்னீகளே, எப்பம்மா பெயிண்ட் அடிக்கிறது?”

“அடிச்சாச்சுண்ணே.”

அவர் எழுந்து போய்ச் சுவரைத் தடவினார். புதுப் பெயிண்ட் வாசம் வந்தது. “எனக்கு அதே கலராத்தான் தெரியுது” என்றார்.

இளம்பச்சையும் சாம்பலும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான், அவருக்கு இந்தச் சுவர் மாறவே இல்லை. ஹம்சவேணி அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“அப்ப எங்க மொகமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?”

“மொகமாத்தாம்மா தெரியும்.”

முத்திருளன் கொடுத்திருந்த புது ரோல் மேஜையில் காத்திருந்தது. அவர் நாற்காலியைவிட்டு விலகி நின்றார். ஹம்சவேணி உட்கார்ந்து முதல் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்தாள். நீலம் பாய்ந்த ஒரு பெண் முகம். விசைகளில் கை வைக்காமல், நிறத்தைத் தேடாமல், அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.