பொழிச்சலூரில் சுற்றாமல் நின்ற ஃபேன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு சிரிப்பு சிரிப்பீர்கள், என் மனைவி இத்தனை வருஷமாக அதே சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். கரண்ட் வந்தால் ஓடும், வராவிட்டால் ஓடாது, நடுவில் வேறு யாருக்கும் வேலை இல்லை, எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் அதற்குள் அடக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எனக்குக் கொடுத்த எரிச்சலைச் சொல்லி மாளாது. டிவிக்குத் தைத்த மாதிரியே சி.பி.யு.வுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்து, அதைக் கழற்றாமலே மெஷினை ஓட விட்டுவிட்டு, சூடாகுது சார் என்பார்கள். என் செருப்பை வாசலில் விடச் சொல்லிவிட்டு மானிட்டர் மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டிருப்பார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் எங்கேயும் போவதில்லை. கீபோர்டு இடுக்கிலிருந்து குங்குமத்தையும் பொரியையும் தட்டித் தட்டியே என் ஆயுசில் பாதி போயிற்று.

பொழிச்சலூரில் விஜயா அக்கா ஒரு சின்ன டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கேள்வித்தாள் எல்லாம் தமிழில் அடித்து, அச்சாபீசுக்குக் கொடுக்கிற மாதிரி பக்கம் பக்கமாக எடுத்துத் தருவார். கடையை ஆரம்பித்தவர் அவருடைய கணவர் குமரேசன். அவர் இறந்த பிறகுதான் எனக்கு அந்தக் கடை பழக்கம், அதனால் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்குள் அடங்காத உடம்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம்.

கட்டடம் குமரேசனுடைய அண்ணன் தனபாலுடையது. பம்மலில் அவருக்கு சிமெண்ட் கடை. மூட்டை அடுக்க இந்த அறை வேண்டும் என்று தம்பி போனதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்து டைரி வேலை வந்தது. ஜூனில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற டைரி. திங்கட்கிழமை காலையில் எல்லாப் பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டால் வருஷம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளெல்லாம் அக்காவுக்கு. போய்ச் சேராவிட்டால் அறையைக் காலி செய்துவிடுகிறேன் என்று தனபாலிடம் அக்காவே வாக்குக் கொடுத்திருந்தார். காலி செய்தால் போக்கிடம் கேளம்பாக்கத்தில் அண்ணன் வீடு ஒன்றுதான், அங்கே அண்ணி போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த மெஷின் வேலை கொடுத்தது. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் மவுஸ் நகராது, கீபோர்டு கேட்காது, அடித்ததெல்லாம் போயிற்று. அக்கா போன் செய்ததும் கத்திரி வெயிலில் மொபெட்டை உருட்டிக்கொண்டு போனேன், பல்லாவரம் சிக்னலில் வழக்கம்போல ஒரு யுகம் நின்றுவிட்டுத்தான். கேபினட்டைத் திறந்து ப்ராசஸர் மேலே இருக்கிற அலுமினியக் கட்டையை, ஹீட் சிங்க் என்போம், தொட்டுப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் கொப்பளித்துவிட்டது. அதன் மேல் உட்கார்ந்திருந்த குட்டி ஃபேன் அசையாமல் நின்றது. றெக்கை முழுக்கக் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பிசின். மோந்து பார்த்தேன், சாம்பிராணி.

“அக்கா, இங்க சாம்பிராணி போடறீங்களா?”

“வெள்ளிக்கிழமையானா அவருக்குக் காட்டுவேன். ஏன் தம்பி?”

நிமிர்ந்து பார்த்தேன். சி.பி.யு.வுக்கு நேர் மேலே, சுவரில், மாலை போட்டுக் குமரேசன்.

“அவருக்குக் காட்டறத பூரா இதுதான் குடிச்சிருக்கு. உள்ள பாருங்க, தார் ரோடு மாதிரி கீது.”

படத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கள், இல்லையென்றால் சி.பி.யு.வை இடம் மாற்றுங்கள் என்றேன். பிளக் பாயிண்ட் அங்கே மட்டும்தான் இருந்தது. அக்கா படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அவர் ஆரம்பிச்ச கடை தம்பி. அவரையே வெளிய போகச் சொல்றியே.”

“வெளிய போகச் சொல்லலக்கா. வீட்ல மாட்டுங்கன்னு சொல்றேன்.”

அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் படத்தை இறக்கினார். எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் நான் சொன்னதில் தப்பே கிடையாது, அந்த றெக்கையைப் பார்த்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். ஃபேன் ஜோராகச் சுற்றியது. வேலை முடிந்தது என்று தாம்பரம் திரும்பினேன்.

மறுநாள் காலையில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். “தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு.”

புது ஃபேன் வாங்கிக்கொண்டு போனேன். ஹீட் சிங்குக்கு அடியில் பூசுகிற வெள்ளைப் பசையையும் புதிதாகப் பூசி மாட்டினேன். சுற்றியது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நின்றுவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தால் ஃபேனுக்குப் போக வேண்டிய கரண்ட் சரியாகப் போகிறது. விரலால் சுண்டிவிட்டால் ரெண்டு சுற்று சுற்றி, யாரோ விரலை வைத்து நிறுத்தின மாதிரி நிற்கிறது. பழுதான ஃபேன் போலிருக்கிறது என்று வேறொன்று மாட்டினேன், அதுவும் அப்படியே. உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றினேன், ஒயர் மாற்றினேன், ஸ்டெபிலைசர் மாற்றினேன், எர்த் சரியில்லையோ என்று வெளியில் குழியில் உப்பும் தண்ணீரும் கூட ஊற்றினேன். கடைசியில் சி.பி.யு.வையே மொபெட்டில் கட்டித் தாம்பரத்துக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். நம்ப மாட்டீர்கள், ஃபேன் ஒரு நொடி நிற்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் அதே மேஜையில் வைத்து ஸ்விட்ச் போட்டேன், நின்றுவிட்டது. எனக்கு அந்த மெஷினைத் தூக்கி அடையாற்றில் போடலாம் போல ஆத்திரம்.

“படத்த எடுத்ததுலேர்ந்துதான் இப்படி ஆவுது தம்பி,” என்றார் அக்கா.

“அக்கா, நீங்க வேற வெறுப்பேத்தாதீங்க,” என்றேன்.

தனபால் தினமும் ஒரு நடை வந்து போவார். உள்ளே வர மாட்டார், வாசலில் நின்று சுவரையும் தரையையும் பார்ப்பார், எந்தப் பக்கம் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரியும்.

“இன்னாபா, இன்னும் ஆவலையா? டெய்லி கயட்டி கயட்டி மாட்டிகினு கீறே. பேஜாரு புடிச்ச மெஷினு, கடாசிட்டுப் போவியா.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தது நல்லதில்லை. அக்கா மெஷின் ஓடுகிற கொஞ்ச நேரத்துக்குள் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று அடித்து, உடனே உடனே சேவ் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிட்டது. இன்னும் கடைசிப் பக்கங்கள் பாக்கி. வெளியே அனல் காற்று, புழுதி உள்ளே வருகிறது என்று கதவையும் ஜன்னலையும் சாத்தியிருந்தோம். லோ வோல்டேஜில் மேலே இருந்த ஃபேன் சுற்றியும் பிரயோஜனமில்லை என்று அணைத்துவிட்டோம். அக்கா வீட்டிலிருந்து தூக்கிவந்த டேபிள் ஃபேன் உறுமியதே தவிர நகரவில்லை, அதையும் அணைத்தோம். கம்ப்யூட்டர் மட்டும் ஸ்டெபிலைசரில் ஓடிக்கொண்டிருந்தது. ப்ராசஸர் ஃபேன் வழக்கம்போல் நின்றது. நான் வெறுத்துப்போய் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, அணைங்க. ஃபேன் இல்லாம ஓட்டினா ப்ராசஸர் எரிஞ்சுடும். அப்புறம் அடிச்சதும் போச்சு, மெஷினும் போச்சு.”

“அணைச்சா மட்டும் என்ன மிஞ்சப் போவுது தம்பி? நாளைக்குக் காலையில குடுக்கலன்னா நான் கேளம்பாக்கத்துக்கு மூட்ட கட்டணும். எரிஞ்சா எரியட்டும்.”

சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திறந்த கேபினட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த நிமிஷம் நிற்கப் போகிறதோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனைக்கும் அது என் மெஷின் கூட இல்லை. இடது கை விரலால் ஹீட் சிங்கைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன், கொதித்துக்கொண்டிருக்க வேண்டியது, சில்லென்று இருந்தது. பானைத் தண்ணீர் ஊற்றி வைத்த டம்ளரைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி. விரல் மரத்துவிட்டதோ என்று கொப்பளித்த விரலையே வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

அப்போதுதான் மேஜையில் இருந்த தாள்களைப் பார்த்தேன். மேலே ஸ்டேப்ளரை வைத்திருந்தார் அக்கா. தாள்களின் ஓரம் மெதுவாகத் தூக்கியது, படிந்தது. மறுபடி தூக்கியது, படிந்தது. ஜன்னல் இடுக்கில் வருகிற காற்றென்றால் தாறுமாறாகப் படபடக்கும். இது கையில் அட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் நிதானமாக விசிறினால் எப்படியோ அப்படி, ஒரே சீராக. அக்காவின் பின்கழுத்தில் ஒட்டியிருந்த மயிரும் அதே தாளத்தில் எழுந்து எழுந்து படிந்தது. ஏரோபிளேன் ஒன்று கூரையை உரசுகிற மாதிரி போனது, அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் தாள்கள் தூக்கிப் படிந்துகொண்டுதான் இருந்தன. என் கையில் கழற்றின ஃபேன் இருக்கிறது. அறையில் சுற்றுகிற சாமான் வேறு எதுவும் இல்லை.

அக்கா அடிப்பதை நிறுத்தவேயில்லை. கடைசிப் பக்கம் பிரிண்டரில் பாதி வெளியே வந்திருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ரொம்ப சாதாரணமாக, குழம்பில் உப்புப் போதும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

“போதுங்க. கை வலிக்கப் போவுது. உக்காருங்க.”

என்னை அவர் ஒருநாளும் நீங்கள் என்று சொன்னதில்லை. வா தம்பி, போ தம்பிதான். அதோடு நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். அந்தக் குரலில் ஒரு பெண்பிள்ளை யாரிடம் பேசுவாள் என்று எனக்கும் கல்யாணமாகியிருந்ததால் தெரியும்.

தாள்கள் படிந்தன, அப்புறம் எழவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு ஒயர் நாற்காலி கிடந்தது, பச்சை பிளாஸ்டிக் ஒயர் பின்னினது. அது கிறீச்சென்று முனகியது. நல்ல கனமான ஆள் அலுப்போடு உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஹீட் சிங்கின் மேல் வைத்திருந்த விரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட ஆரம்பித்தது. அக்கா கடைசித் தாளை எடுத்துத் தட்டி அடுக்கிவிட்டு மெஷினை அணைத்தார். கழற்றின ஃபேனை மாட்டிப் பார் தம்பி என்றார். மாட்டி, ஸ்விட்ச் போட்டேன். முதல் தடவையிலேயே சுற்றியது. அந்த மெஷின் இருந்தவரை அந்த ஃபேன் நிற்கவே இல்லை.

திங்கட்கிழமை டைரிப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன, கேள்வித்தாள் வேலையும் வந்தது, தனபால் நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டு திருமுடிவாக்கம் பக்கம் ஒரு குடோன் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் விற்கிற சிநேகிதனிடம் சொன்னேன், வெயிலில் அலையாதே மச்சான் என்றான். அக்காவிடமே கேட்டேன், அன்றைக்கு யாரிடம் பேசினீர்கள் என்று.

“நானா? டைப் அடிக்கறப்ப நான் வாயே தொறக்க மாட்டேனே தம்பி.”

பொய் சொல்கிற முகம் இல்லை. சரி, படத்தையாவது மறுபடி இங்கே மாட்டிக்கொள்ளுங்கள், சாம்பிராணி போடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன்.

“வேணாம் தம்பி. படம் வீட்லயே இருக்கட்டும்,” என்றார்.

இன்றைக்கும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது மூன்று கம்ப்யூட்டர், வேலைக்கு இரண்டு பெண்கள், ஏ.சி. கூட வைத்துவிட்டார். எல்லாம் மாறிவிட்டது, சுவரோரம் அந்தப் பச்சை ஒயர் நாற்காலி மட்டும் அப்படியே கிடக்கிறது. முட்டி வலிக்கிறது என்று ஒருநாள் அதில் உட்காரப் போனேன். அங்க வேணாம் தம்பி, இந்த ஸ்டூல்ல உக்காரு என்றார் அக்கா. அந்தப் பெண்களும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பையைக் கூட வைப்பதில்லை.

ஒயர் தொய்ந்துபோகிறது என்று அவ்வப்போது ஆளைக் கூப்பிட்டு அதைப் புதிதாகப் பின்ன வைக்கிறார். போன மாசம் நான் போனபோதுதான் பின்னி முடித்திருந்தார்கள், தட்டினால் மேளம் மாதிரி விறைப்பாக இருந்தது. நேற்று ஒரு பிரிண்டர் வேலைக்குப் போனேன். நாற்காலி நடுவில் குழி விழுந்திருந்தது.