கிழக்குச் சுவரில் ஒரு கண்ணாடி

அந்தக் கண்ணாடி ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அண்ணி தன் கல்யாணப் பெட்டியிலிருந்து அதை எடுத்து, எங்கள் சமையலறையின் கிழக்குச் சுவரில் அடுப்புக்கு மேலே, சற்றே குனிந்தாற்போல மாட்டியபோது எனக்குப் பதினோரு வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிருஷ்ணகிரியில் இருந்தோம். அண்ணிக்கு ஊர் தளிக்கு அந்தப் பக்கம். தூரத்துச் சொந்தம்தான், ஆனால் அவர்கள் வீட்டில் கன்னடம்தான் பேச்சு. எங்கள் வீட்டில் அண்ணன் ஒருவருக்குத்தான் கன்னடம் வரும். அவரோ விடிந்ததும் பருப்பு மண்டிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்.

கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும் என்று கட்டிய வீடு அது. அடுப்பின் முன் உட்கார்ந்தால் எதிரே கரி பிடித்த சுவர். முதுகுக்குப் பின்னால் கதவில்லாத நிலை, அதைத் தாண்டிக் கூடம். எங்கள் வாழ்க்கை முழுக்கக் கூடத்தில்தான் நடந்தது. அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, வெற்றிலைத் தட்டு, ஊர் வம்பு, சிரிப்பு. எதிரே உட்கார்ந்து பேசினால் முகத்தையும் கையையும் பார்த்து அண்ணி பாதியைப் புரிந்துகொள்வார். பின்னாலிருந்து பேசினால் அவருக்கு அது வெறும் சத்தம். அடுப்பைத் திருப்பிப் போடலாமா என்று சைகையில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "கெழக்கு பாத்துத்தான் ஒல வெக்கணும்" என்று அம்மா முடித்துவிட்டார். அதற்கு மறுவாரம்தான் கண்ணாடி சுவருக்கு ஏறியது.

அதன்பின் அண்ணி மாறிப்போனார். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினார், நாங்கள் சிரித்தால் அவரும் சிரித்தார். அம்மாவுக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை, வேறென்ன சொல்ல. ஒரு நாள் கூடத்தில் அம்மாவின் காதோடு வாய் வைத்து, "அண்ணி சோறாக்கறப்பல்லாம் கண்ணாடியில மூஞ்சியே பாத்துக்கறாங்கம்மா" என்றேன்.

அம்மா போய், எதற்குக் கண்ணாடி என்று கேட்டார். "நோடோக்கே" என்றார் அண்ணி. பார்ப்பதற்கு. அதற்கு மேல் சொல்ல அவரிடம் தமிழ் இல்லை. "மொகம் பாக்கறதுக்கு அடுப்படிதான் கெடச்சுதா" என்று அம்மா அதைக் கழற்றிக் கூடத்து அலமாரியில் வைத்தார். பிறகு அண்ணி கூப்பிட்டால் திரும்புவதில்லை. பின்னால் சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் கரண்டி பிடித்த கை ஒரு கணம் நின்றுவிடும். அம்மா அதைத் திமிர் என்றார். ஏழாம் மாதம் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் திரும்பவேயில்லை. அழைத்துவர இரண்டு முறை போன அண்ணன், மூன்றாம் முறை அங்கேயே தங்கி உருளைக்கிழங்கு பயிரிட ஆரம்பித்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அந்த நாட்களில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நான் அடுப்பு மூட்ட நேர்ந்தது. கூடத்தில் அம்மாவும் அத்தையும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். யாருமில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு. நிமிர்ந்தால் அந்த ஆணி, என் தலைக்கு ஒரு முழம் மேலே. அவ்வளவு உயரத்தில் மாட்டி யார் முகம் பார்க்க முடியும்? கண்ணாடியைக் கொண்டுவந்து, அண்ணி மாட்டியதுபோலவே மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். என் முகம் அதில் இல்லை. கூடம் இருந்தது. பாயில் படுத்திருந்த அம்மா, அத்தை, தெருவாசல் வரைக்கும் தெரிந்தது. சத்தம் காட்டாமல் கழற்றி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அம்மா சாகும்வரை சொல்லவில்லை.

இப்போது ஓசூரில், மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே கிடையாது. சமைத்துக்கொண்டே எல்லோரோடும் பேசலாம் என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்களாம். மகனும் மருமகளும் கம்பெனியிலிருந்து வர எட்டு மணியாகும். அதுவரை நான் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி காய் நறுக்குவேன். தாளிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

சென்ற ஆண்டு தளிக்குப் போயிருந்தேன். அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அண்ணியின் அடுப்பு வாசலைப் பார்த்து இருந்தது. அவரே களி கிண்டி, எதிரே உட்கார வைத்துப் போட்டார். தமிழ் இப்போது நன்றாகவே பேசுகிறார்.

"அண்ணி, அன்னிக்குக் கண்ணாடியப் பத்தி அம்மாகிட்ட சொன்னது நாந்தான்" என்றேன்.

"தெரியும்மா. நீ காதுல சொன்னது கண்ணாடியில தெரிஞ்சுது. என்னா சொன்னேன்னுதான் தெரியல."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அண்ணி என் தட்டில் இன்னும் கொஞ்சம் களி வைத்தார்.

"இவ்ளோதானா," என்றார். "நீ என்னை ஊருக்கு அனுப்பிடச் சொல்றேன்னு நெனச்சிட்டேன்."